மதிப்பீட்டுப் படிவத்தில் ஒரு கட்டம்

பேர்னு நகரில் மார்ச் மாதம்.
கடல் இன்னும் உறைந்தபடி.
சாலையில் தூவிய உப்பு
என் காலணி வரைக்கும் வந்திருக்கிறது.
கொட்டகையைத் திறந்துவிட்டவர் ராய்வோ.
ரசீதுகளை பிஸ்கட் டப்பாவில் கொண்டுவந்தவர் மார்யு.
வீடு, படகு, வங்கிக் கணக்கு
எல்லாவற்றையும் பாதியாக்கி முடித்த வழக்கறிஞர்
இதற்கு மட்டும் என்னைக் கூப்பிட்டார்.

எண்பத்தேழாம் வருடத்துப் போர்ஷே.
நிறம் சிவப்பு என்கிறது பதிவுப் புத்தகம்.
கூரைமேல் அது செங்கல்.
கதவின் உள்மடிப்பில் மட்டும்
இன்னும் சிவப்பு.

தானமாய் வந்த மாடல்ல,
பல்லைப் பிடித்துப் பார்க்கலாம்.
சிமெண்டுத் தரையில் மல்லாந்து
டார்ச்சை அடித்தேன்.
பின்சக்கரத்துக்கு முன்னால்
விரலால் அழுத்திய இடம்
பிஸ்கட்டைப் போல உதிர்ந்தது.
எழுதிக்கொண்டேன்: ஒன்பது நூறு கழிவு.
டைமிங் பெல்ட் கடைசியாய் மாற்றியது
இரண்டாயிரத்துப் பதினொன்றில்.
அறுந்தால் எஞ்சினே போய்விடும்.
எழுதிக்கொண்டேன்.

துணி சுற்றிய காந்தத்தை
உடம்பெங்கும் ஒட்டிப் பார்ப்பது என் வழக்கம்.
வலது முன்பக்கம் அது ஒட்டவில்லை,
நழுவித் தரையில் விழுந்தது.
தகட்டுக்கு மேல் விரற்கடை கனத்துக்குப் பூச்சு.
இருவரும் ஒரே நேரத்தில்
வேறு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.
நான் கேட்கவில்லை.
கேள்விக்குப் படிவத்தில் இடமில்லை.

வேடிக்கை என்னவென்றால்
பதினெட்டு வருடம் ஞாயிறுதோறும் இதைத் துடைத்தவர்
குறைகளை அடுக்குகிறார்:
இருக்கை கிழிசல், கியர் முரண்டு, எண்ணெய்க் கசிவு.
ஏறி இறங்க முதுகு விட்டுப்போகும் என்று
பதினெட்டு வருடம் புலம்பியவர்
“இந்த மாதிரி இனி வருமா?” என்கிறார்.
வண்டி ராய்வோவுக்கு, பாதிப் பணம் மார்யுவுக்கு
என்பது பேச்சு.
விலை தாழ்ந்தால் அவருக்கு லாபம்,
ஏறினால் இவருக்கு.
நாக்குகள் இடம் மாறியிருந்தன, அவ்வளவுதான்.

ஓடிய தூரம்
ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டில்
நின்றுபோயிருக்கிறது.
உள்ளே நகத்தளவு பிளாஸ்டிக் பல்சக்கரம்
உடைந்திருக்கும். இந்த ரகத்துக்கு இது பழைய நோய்.
“நின்ற பிறகு எவ்வளவு ஓடியது?”
“மொத்தமாய் நாலாயிரம்,” என்றார் ராய்வோ.
மார்யு விரல்விட்டார்:
ரீகா இரண்டு தடவை.
வில்னியுஸ் ஒரு தடவை.
தார்த்து மருத்துவமனைக்கு
வாரம் மூன்று முறை, போக வர.
“அந்த நவம்பர் மட்டுமே நாலாயிரம், ராய்வோ.”

விலை உயர வேண்டியவர்
விலையைக் குறைக்கும் உண்மையைச் சொல்லிவிட்டார்.
அதை உணர்ந்ததாகவே தெரியவில்லை.

பேனாவை மூடினேன்.
சந்தையில் ஐந்தாயிரத்துக்கும் விற்கிறது,
பதினோராயிரத்துக்கும் விற்கிறது.
நடுவில் எங்கோ நியாயம் இருக்கிறதென்று
இருபது வருடமாய்க் கூலி வாங்குகிறேன்.
சொன்னேன்:
“மார்யு ஒரு விலை சொல்லட்டும்.
அந்த விலைக்கு
வண்டியா பணமா என்று ராய்வோ தேர்ந்தெடுக்கட்டும்.”

நெடுநேரம் யாரும் பேசவில்லை.
கூடிச் சொன்னால் வண்டி தன் தலையில்,
குறைத்துச் சொன்னால் நஷ்டம்.
மார்யு முதல்முறையாக
பானெட்டின் மேல் கையுறை கழற்றிய கையை வைத்தார்.
“ஏழாயிரத்து நானூறு.”

நான் மனசுக்குள் போட்டிருந்தது
ஏழாயிரத்து இருநூறு.

“பணம்,” என்றார் ராய்வோ,
யோசிக்காமல்,
அல்லது பல வருடம் யோசித்து முடித்தவராக.

கணித்த முறை என்ற கட்டத்தில்
அரை வரிதான் இடம்.
நேரடிப் பரிசோதனை என்று எழுதினேன்.

முதுகைப் பிடித்துக்கொண்டு
வைதபடி உள்ளே இறங்கினார் மார்யு.
விளக்குகள் மூடி திறந்து மேலெழுந்தன:
இடது உடனே,
வலது சற்று யோசித்து.
“அதைத் தட்டிவிடணும்,” என்று கத்தினார் ராய்வோ.
“தெரியும்,” என்றார் மார்யு.
எண் நகராமல்
வண்டி தெருவில் இறங்கியது.